அரை டம்ளர் போதும்

பால் குடிக்காத குழந்தையைப் பற்றிய பேச்சு எந்த வீட்டில் எழுந்தாலும் டம்ளரிலிருந்துதான் தொடங்குகிறது. முக்கால் டம்ளர் மிச்சம் வைத்துவிட்டான், காலையிலிருந்து ஒரு மடக்குகூட இறங்கவில்லை என்று கணக்கு ஒப்பிப்பார்கள். அந்த டம்ளர் எவ்வளவு கொள்ளும் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. பாலுக்குப் புழங்கும் எவர்சில்வர் டம்ளரில் தாராளமாக 200 மில்லி பிடிக்கும். பத்துக் கிலோ எடையுள்ள ஒன்றரை வயதுக் குழந்தையிடம் அதை நிரப்பி நீட்டுவது, அறுபது கிலோ ஆளிடம் 1.2 லிட்டர் பாலைக் கொடுத்து ஒரே இருப்பில் குடித்து முடி என்பதற்குச் சமம். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, நாள்தோறும் அவர்களுக்கு ஊட்டிவிடுவதையே வேலையாகக் கொண்ட என்னைப் போன்றவர்கள் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. என்ன கொடுப்பது, எப்போது, எதில், எவ்வளவு ஊற்றுவது என்பதெல்லாம் பெரியவர் பொறுப்பு. குடிப்பதா வேண்டாமா, எந்த மடக்கோடு நிறுத்துவது என்பது குழந்தையின் உரிமை. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் இந்தப் பொறுப்புப் பிரிவினையை விரிவாக எழுதியிருக்கிறார். குழந்தையின் பங்கைப் பெரியவர் பறித்துக்கொள்ளும் வீட்டில்தான் பால் வேளை சண்டை வேளையாகிறது.

இது பாக்கெட் பால் வந்தபிறகு முளைத்த சிக்கல் இல்லை. நற்றிணையின் 110ஆம் பாட்டில் போதனார் இதையே பாடியிருக்கிறார். தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, நுனியில் பூச்சுற்றிய சிறுகோலை ஓங்கிக்கொண்டு, நரைத்த தலைச் செவிலியர் பின்னால் ஓடுகிறார்கள். சிறுமி சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்கு ஓடித் தப்பிக்கிறாள். களைத்துப்போவது செவிலியர்தான். பாட்டின் கருத்து வேறு. அந்தப் பெண் வளர்ந்து, வறுமைப்பட்ட கணவன் வீட்டில், தந்தை வீட்டுச் செல்வச் சோற்றை நினைக்காமல் ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்டு வாழ்கிறாளே, இந்த அறிவு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தாய் வியக்கிறாள். ஊட்டும் வேலையில் இருப்பவர் கண்ணுக்கு முதல் பாதியே போதும். தேன் சேர்த்தாயிற்று, பாத்திரம் பொன்னாக இருந்தது, கோல் பயமுறுத்தியது, துரத்த ஆள் இருந்தது. நாம் இன்றைக்கும் கையாளும் நான்கு உத்திகளும் அங்கே இருக்கின்றன. நான்கும் தோற்றுப்போனதையும் புலவர் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்.

குழந்தை மறுப்பதற்குப் பிடிவாதம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்வது பெரிய பிழை. மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை முதல் வயது முடிவதற்குள் ஏறக்குறைய ஒன்பது கிலோவை எட்டுகிறது. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் அது கூடுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்ச்சியின் வேகம் தணிந்ததும் பசியும் தணிகிறது. எட்டு மாதத்தில் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்ட குழந்தை ஒன்றரை வயதில் தலையைத் திருப்பிக்கொள்வது உடம்பின் கணக்கு. அதே பருவத்தில் நடக்கக் கால் வருகிறது, 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வருகிறது. பசி குறைந்த நேரம் பார்த்துப் பெரியவரின் கவலை ஏறுகிறது, டம்ளரும் பெரிதாகிறது. ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இருக்கும் ஏற்றத்தாழ்வும் பெரியவரைக் கலங்க வைக்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரையுள்ள 15 குழந்தைகள் உண்டதை ஆறு நாள் முழுக்க அளந்து, லீயன் பர்ச் குழுவினர் 1991இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வேளைக்கு வேளை உண்ட அளவு சராசரியாக 34 சதவீதம் மாறியது. நாள் மொத்தத்தில் அந்த மாற்றம் 10 சதவீதம் அளவே. காலையில் குறைத்ததைக் குழந்தை மாலையில் ஈடுகட்டிவிடுகிறது. ஒரே ஒரு டம்ளரை வைத்து அன்றைய உணவுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சரி, எவ்வளவுதான் தேவை? ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் இருக்கிறது. இரண்டு வேளை நூறு நூறு மில்லியாகப் பால், மதியம் ஒரு சிறு கிண்ணம் தயிர் பிசைந்த சாதம், முப்பது கிராம் கேழ்வரகு மாவில் கஞ்சியோ களியோ, இவ்வளவு சேர்ந்தாலே அந்த 500ஐ ஒட்டி வந்துவிடும். தாய்ப்பாலும் தொடர்கிறது என்றால் மாட்டுப்பால் இன்னும் குறையலாம். (ஒரு வயதுக்குள் மாட்டுப்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது, அது தனிப் பேச்சு.) இதை இத்தனை விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம், பால் கூடிப்போனாலும் தீங்குதான் என்பது வீடுகளுக்கு எட்டவே இல்லை. ஒரு லிட்டர் பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. இந்த வயதுக்கு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்பு வேண்டும். போதாததற்குப் பாலின் கால்சியமும் கேசீன் புரதமும், மற்ற உணவிலிருக்கும் இரும்பைக் குடல் உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. பாலாலேயே வயிறு நிறைந்த குழந்தைக்குப் பருப்புக்கும் கீரைக்கும் முட்டைக்கும் இடம் ஏது? அரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று காட்டியது. அதற்குப் பல காரணங்கள் உண்டு, முழுப் பழியையும் பால் மேல் போட முடியாது. ஆனாலும் சோறு தின்னாவிட்டால் போகிறது, பாலாவது குடிக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கும் வீட்டுக்கு இந்த எண் ஓர் எச்சரிக்கை.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான், அதுவும் பாலை வைத்தே. இதே பர்ச் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பருவம் எட்டாத குழந்தைகளுக்குக் கெஃபிர் என்ற புளித்த பால் பானத்தைக் கொடுத்தார்கள். சிலருக்குக் குடித்தால் பரிசு, சிலருக்கு வாய்நிறையப் பாராட்டு, சிலருக்கு எதுவுமில்லாமல் வெறும் பானம். பரிசும் பாராட்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்தது. சும்மா கொடுக்கப்பட்டவர்களுக்குக் குறையவில்லை. மிரட்டல் வேண்டாம் என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வார்கள். 'சமத்து, இன்னும் ஒரே ஒரு வாய், குடித்தால் சாக்லேட்' என்பதும் அதே கட்டாயத்தின் இனிப்பான வடிவம் என்பதை ஏற்கத்தான் மனம் வருவதில்லை. இதைக் குடிக்க வைக்க லஞ்சம் தேவைப்படுகிறது என்றால் இது நல்ல பொருளாக இருக்காது என்று குழந்தை சரியாகவே ஊகிக்கிறது.

கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். பெரியவர் பங்கில் செய்வதற்கு நிறையவே இருக்கிறது, எங்கள் வேலையின் நுட்பமெல்லாம் அங்கேதான். முதலில் ஆடை. திருச்சி கொட்டப்பட்டுப் பால் பண்ணையிலிருந்து வரும் ஆவின் பாக்கெட்டில் நீலத்துக்குக் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சுக்கு 6. ஆரஞ்சுப் பாலைக் காய்ச்சி இறக்கி இரண்டு நிமிடம் விட்டால் மேலே தடிப்பாக ஆடை கட்டும். அதில் ஒரு துணுக்கு மேலுதட்டில் ஒட்டினாலே சில குழந்தைகள் ஓங்கரிக்கும், அடுத்த வேளை டம்ளரைக் கண்டதுமே உதட்டை இறுக்கிக்கொள்ளும். கொடுப்பதற்குச் சற்று முன்பு, ஆறிய பிறகு வடிகட்ட வேண்டும். சூட்டோடு வடிகட்டினால் டம்ளரிலேயே மறுபடி ஆடை படிந்துவிடும். அடுத்தது சூடு. பெரியவர் விரலுக்கு இதமாக இருப்பது குழந்தை நாக்குக்குச் சுடும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டால், விழுந்ததே தெரியாத பதத்தில் இருக்க வேண்டும். டபராவில் ஆற்றும்போது குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது. நுரை எழும்புவதையும் மணம் வருவதையும் கவனித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்தப் பால் திடீரென்று முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும் பொருளாக இருக்காது. பாத்திரம் சிறியதாக, விளிம்பு மழுங்கியதாக, குழந்தையின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குவதாக இருக்க வேண்டும். ஐம்பது மில்லிக்கு மேல் ஊற்றக் கூடாது. கேட்டால் இன்னொரு ஐம்பது. காலி டம்ளரைத் தானே நீட்டும் குழந்தையின் முகத்தில் தெரியும் பெருமை, மிச்சம் வைத்துத் திட்டு வாங்கும் முகத்தில் வராது. சிந்தும், சட்டை நனையும். சிறுகை அளாவிய கூழை வள்ளுவர் அமிழ்தினும் மேலாகச் சொன்னார். நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில் கொண்டாடினார். சிந்துவதைச் சகித்துக்கொள்ளும் பண்பு நம்முடைய இலக்கியத்திலேயே இருக்கிறது, தரை துடைக்கும் துணியைத்தான் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கால இடைவெளியும் இதே அளவுக்கு முக்கியம். விழித்த உடனே பால், எட்டு மணிக்கு இட்லி, பத்து மணிக்குப் பிஸ்கட், இடையில் ஜூஸ் என்று போகும் வீட்டில் பசிக்கு நேரமே கிடைப்பதில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே இரண்டரை மணி நேரமாவது விட்டு, அந்த நேரத்தில் தண்ணீர் மட்டும் கொடுத்தால், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் மாற்றம் தெரியும். குழந்தை தலையைத் திருப்பினாலோ, பாலை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டாலோ டம்ளரை எடுத்துவிட வேண்டும். முகத்தைச் சுளிக்காமல், பெருமூச்சு விடாமல் எடுப்பது இந்த வேலையில் ஆகக் கடினமான பகுதி.

கைபேசியைக் காட்டி ஊட்டக் கூடாது என்றால், நிலாவைக் காட்டியும் காக்கையைக் காட்டியும் ஊட்டித்தானே தலைமுறைகள் வளர்ந்தன, அதுவும் கவனத்தைத் திருப்பும் உத்திதானே என்று கேட்பார்கள். எங்கள் திருவானைக்காவலில் கோயில் யானையும் துணைக்கு வரும், உச்சிக்காலத்தில் குருக்கள் புடவை கட்டிக்கொண்டு வந்து பூஜிக்கும் பசுவும் இருக்கிறது. நியாயமான கேள்விதான். இந்த ஊர் அம்மன் மேல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார். எந்தப் பிள்ளைத்தமிழிலும் அம்புலிப் பருவத்தில் நிலா விளையாட்டுத் துணையாகவே அழைக்கப்படுகிறது. நிலாவைப் பார்க்கும்போது குழந்தையும் ஊட்டுகிறவரும் சேர்ந்து பார்க்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், நடுவில் வாய் வேண்டாம் என்றால் பேச்சு நின்று அது தெரிந்துவிடுகிறது. கைபேசித் திரையில் அந்த உறவு இல்லை. கண் உறைந்துபோய், வாய் தன்னால் திறந்து, உள்ளே போவது பாலா கஞ்சியா என்றே தெரியாமல் விழுங்குகிறது குழந்தை. டம்ளர் காலியாவது உண்மை. வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லும் உள்குரலைக் கேட்கும் பழக்கம் அங்கே அறுந்துபோகிறது. யானையைப் பார்த்தபடி குடிக்கலாம். யானையைக் காட்டி, வாயைத் திறந்த நொடியில் ஊற்றுவதுதான் கூடாது.

விட்டுவிட்டால் குடிக்கவே மாட்டான், இளைத்துப்போவான் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. நல்ல வளர்ச்சியில் இருக்கும் குழந்தைக்கு இந்த அச்சம் வேண்டியதில்லை. அதை முடிவு செய்ய வேண்டியது எடை அட்டை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னம் அல்ல. மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்த்து, கோடு தன் பாதையிலேயே ஏறினால் பால் குறைவது பொருட்டில்லை. கோடு படுத்தாலோ, மேற்கையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனாலோ கதை வேறு. சுற்றளவு அந்த அளவுக்குக் குறைவது கடும் ஊட்டக்குறை, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பால் குடித்த ஒவ்வொரு முறையும் வாந்தி, தடிப்பு, மலத்தில் ரத்தம் என்றால் அது பால் ஒவ்வாமையாக இருக்கலாம். அங்கே குழந்தையின் மறுப்பு தற்காப்பு, அதை மீறி ஊட்டுவது ஆபத்து. வயது ஏற ஏறப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் நம் பக்கத்தில் பலருக்குக் குறைவதும் உண்டு. பால் குடித்தால் வயிறு பொருமும் பிள்ளை தயிரையும் மோரையும் தாங்கிக்கொள்ளும். பாலை வெறுக்கும் குழந்தைக்குத் தயிர்ச்சாதம், பால் விட்டுக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி, அங்கன்வாடி சத்துமாவு என்று வேறு வழிகள் இருக்கின்றன. டம்ளரில் போனால்தான் அது பால் என்ற எண்ணத்தைப் பெரியவர் விட்டுவிட வேண்டும்.

பாலில் மால்ட் பொடி கலப்பது பலரும் பிடிக்கும் குறுக்குவழி. குழந்தை குடிக்கத்தான் செய்யும், பால் பிடித்துப்போய் அல்ல, சர்க்கரை பிடித்துப்போய். நம் உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம், இணைய விற்பனைத் தளங்களில் இவற்றை அந்தத் தலைப்பிலிருந்து எடுக்கச் சொன்னது. பொடிக்குப் பழகிய நாக்கு வெறும் பாலுக்குத் திரும்ப வேண்டுமானால் ஒரே நாளில் நிறுத்தாமல், நான்கு நாளைக்கு ஒருமுறை கால் கரண்டி குறைத்துக்கொண்டே வரலாம். ஒரு சிட்டிகை ஏலக்காய்ப் பொடியோ, அரைத்த பேரீச்சையோ இடைக்காலத்துக்கு உதவும். புட்டிக்கும் இதே முறைதான். இரவில் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் சொத்தையாகும் அபாயம் அதிகம். பகல் புட்டியை முதலில் டம்ளராக்கி, இரவுப் பாலைப் படுப்பதற்கு அரைமணி முன்னால் கொடுத்து, பல் துலக்கிவிட்டுப் படுக்க வைக்கலாம். இந்த மாற்றக் காலத்தில் பால் அளவு கண்டிப்பாகக் குறையும். பத்துப் பதினைந்து நாள் குறைந்தபடியே இருக்கும். வீட்டிலுள்ள பாட்டியிடமும் தாத்தாவிடமும் இதை முதல் நாளே சொல்லி வைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நாலாம் நாள் ராத்திரி யாராவது ஒருவர் மனது கேட்காமல் புட்டியை மறுபடி கழுவி எடுத்துவிடுவார்.