கீழிருந்து ஏறும் ஒயர்

மழைக்காலத்தில் தோட்ட விளக்குக் கம்பத்தில் கை பட்டு ஒருவர் இறந்தார் என்ற செய்தியைப் படித்த மறுவாரம், நண்பர் ஒருவர் தனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் என்னை அழைத்துப் போனார். முட்டுக்காடு தாண்டிக் கடற்கரையோரத் தோட்ட வீடு. விளக்குகளுக்கும், புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் மோட்டாருக்கும் டைமர் மாட்டும் வேலை.

எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். சுவர் உடைக்கும் ஹெல்பராகச் சேர்ந்து, பிறகு வயர்மேன் தகுதிச் சான்று வாங்கியவர். டைமரின் வட்ட முகத்தைச் சுற்றி 96 பற்கள். ஒரு பல்லுக்கு 15 நிமிடம். "ஆறு மணியிலேர்ந்து பத்து வரைக்கும் எரியணும்னா பதினாறு பல்லைத் தள்ளணும் சார். உள்ள பேட்டரி இல்லாததை வாங்கினா, கரண்ட் போன நேரம் முழுக்க இதுவும் நின்னுடும். அப்புறம் விளக்கு நேரங்கெட்டு எரியும்."

மோட்டாருக்கு டைமரை நேராகக் கொடுக்கவில்லை. இடையில், மோட்டாரின் அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டரை வைத்தார். அந்த இணைப்பு சட்டென்று முடிந்தது. நேரம் பிடித்தது பெட்டிக்குத்தான்.

பெட்டியில் ஐபி 65 என்று அச்சிட்டிருந்தது. 6 என்றால் தூசு அறவே புகாது; 5 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாலும் கெடாது. ஒயருக்காக நாம் ஓட்டை போட்டதுமே அந்த எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போகிறது. அர்த்தத்தைத் திருப்பித் தருவது கிளாண்ட்: ரப்பர் வளையத்தை நெரித்து ஒயரைக் கவ்விக்கொள்ளும் சிறு குழல். அண்ணன் பெட்டியின் அடியில் மட்டுமே துளையிட்டார். ஒயரைக் கீழே தொங்கவிட்டு, வளைத்து மேலே ஏற்றினார். "மழைத்தண்ணி ஒயரைப் பிடிச்சுக்கிட்டே உள்ள போயிடும் சார். தொங்கல் கொடுத்தா அங்கேயே சொட்டிடும்."

கழற்றிய பழைய பெட்டியைத் திறந்து காட்டினார். மேலே ஓட்டை, அதைச் சுற்றிச் சிலிக்கான் பசை, உள்ளே பச்சைக் களிம்பு பூத்த செம்பு.

இதைச் செய்தவர் வேலை தெரியாதவர் என்று நான் நினைக்கவில்லை. நடுவில் நிற்கும் கான்ட்ராக்டர், ஒரு விளக்கு, ஒரு சுவிட்ச் என்று எண்ணி, பாயிண்ட் கணக்கில் கூலி கொடுக்கிறார். கிளாண்டை இறுக்கும் கால் மணி நேரம் எந்தப் பாயிண்டிலும் சேராது. வீட்டுக்காரரிடம் நல்ல சாமானுக்கு விலை வாங்கிக்கொண்டு, வேலைக்காரரிடம் பசையைப் பூசிவிட்டு வரச் சொல்வது சிக்கனமல்ல. அங்கே மிச்சம் பிடிப்பது இன்னொருவரின் உயிரை. கிளாண்டை இறுக்கும் வேலைக்கு விலைப்பட்டியலில் ஒரு வரி வேண்டும். அதை வீட்டுக்காரர்களாகிய நாம்தான் கேட்டு எழுதவைக்க வேண்டும்.

கடைசியாக, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை மாட்டினார். வீட்டுக்காரரைத் தேடவில்லை. ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஹோஸ் பிடித்து நின்ற தோட்டக்கார அம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்தப் பட்டனை அழுத்துங்கம்மா."

டக்கென்று லீவர் விழுந்தது. அண்ணன் அதை மறுபடி மேலே தூக்கிவிட்டார்.

"மாசம் ஒருதரம் நீங்களே அழுத்திப் பாருங்க. விழலைன்னா தண்ணி பாய்ச்சாதீங்க. எனக்கு போன் பண்ணுங்க."

அந்த அம்மா, சரிதானா என்று பார்க்க, இன்னொரு முறை அழுத்தினார்.