கியர் பொக்ஸுக்கும் காய்ச்சல் வரும்

இதை எழுதுவது இரண்டு பேர். ஒருத்தி கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம். மற்றவள் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். 'நாங்கள்' என்று வருகிற இடமெல்லாம் அக்காவும் தங்கச்சியும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் வாகனம் ஓடத் தெரியாது, லைசன்ஸும் இல்லை. ஆனாலும் ஓட்டோ கியர் வாகனத்தில் ஒயில் ஏன் கொதிக்குது என்று யாராவது கேட்டால் அரை மணித்தியாலம் கதைப்போம். வீட்டில் எல்லாரும் கேட்டு அலுத்துப்போனதால் இப்போது உங்களிடம் வந்திருக்கிறோம்.

அப்பா வான் ஹயர் ஓடுகிறார். கலியாண வீடு, கோயில், எயார்போர்ட், மலைநாட்டுச் சுற்றுலா, எல்லாம்தான். வான் ஒரு கே.டி.எச். ஜப்பானில் யாரோ பாவித்து, பிறகு இங்கே வந்தது. அதோடு வந்த கைநூல் முழுக்க ஜப்பான் மொழியில். கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற மஞ்சள் ஸ்டிக்கரும் அப்படித்தான். அதில் என்ன எச்சரிக்கை எழுதியிருக்கிறது என்று எங்கட வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் வாகனங்கள் இப்படி ஓடுகின்றன என்று யோசித்துப் பாருங்கோ: தனக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று எழுதிக்கொண்டு வந்தும், வாசிக்க ஆளில்லாமல்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் இருந்த ஐந்து வருடத்தில் இருந்த வாகனத்தை வைத்துக் காலம் தள்ளியவர்களுக்குத்தான் தெரியும், ஒரு பழைய வான் பழுதாகிறது என்றால் என்ன அர்த்தம் என்று. விற்றுவிட்டு இன்னொன்று வாங்கலாம் என்ற கதைக்கே இடமில்லை. எங்கட லீசிங், எங்கட படிப்பு, அம்மாவின் மருந்து எல்லாமே அந்த வானுக்குள்தான் ஏறி இருக்கின்றன.

வருத்தம் தெரிய வந்தது ஏப்ரல் சீசனில், நுவரெலியா ஹயர் ஒன்றில். கம்பளை தாண்டி, புசல்லாவை தாண்டி, றம்பொடை ஏற்றத்தில் வான் சத்தம் மட்டும் போட்டதாம். இன்ஜின் சுற்றுகிறது, வேகம் வரவில்லை. கரிந்த மணம். அப்பா ஓரமாக நிற்பாட்டி முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டுப் பிறகு ஏறினார். "ஹீட் முள்ளு அசையவே இல்லை, பிள்ளையள். அது பாதியிலேயே நிண்டது" என்று வந்து திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைக் குழப்பியது அதுதான். முப்பது வருடமாக அந்த முள்ளை நம்பி ஓடிய மனுசன்.

முதலில் காட்டிய கராஜில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு கியர் பொக்ஸை மாற்றச் சொன்னார்கள். சொன்ன விலை எங்கட ஒரு வருட லீசிங் கட்டுக்காசுக்குக் கிட்ட. அப்பா வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்தார். அன்றைக்கு இரவுதான் கனடாவில் இருக்கிற சித்தப்பா வட்ஸ்அப்பில் வந்தார்.

சித்தப்பா ஸ்காபரோவில் இருக்கிறார். கோடை வந்தால் சித்தியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அல்கொன்குயின் பார்க் பக்கம் போய்விடுவார். போவது தன்னுடைய சியென்னா வானில், பின்னால் ஒரு காம்பரைக் கொழுவிக்கொண்டு. காம்பர் என்பது சில்லுப் பூட்டிய சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, மேசை எல்லாம் உள்ளே. நாங்கள் அந்தப் படங்களை ஒவ்வொரு வருடமும் பார்த்து லைக் போட்டிருக்கிறோம். அந்தச் சின்ன வீட்டை இழுப்பதற்காக வானுக்குள் ஒரு சாமான் பூட்டியிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

"அண்ணை, நீ பார்க்கிற முள்ளு இன்ஜின் தண்ணியின்ர சூடு. கியர் பொக்ஸுக்கு வேற ஒயில் இருக்கு. அதின்ர சூட்டை அந்த முள்ளு காட்டாது. நான் காம்பர் கொழுவ முதலே ட்ரான்ஸ்மிஷன் கூலர் ஒண்டு போட்டனான்."

அந்த ஒரு வசனத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் தோண்டத் தொடங்கினோம். யூடியூப், சித்தப்பா, பிறகு நாங்கள் தேடிப் பிடித்த இன்னொரு மெக்கானிக். விளங்கியதைச் சொல்கிறோம்.

கையால் கியர் மாற்றுகிற வாகனத்தில் இன்ஜினையும் கியர் பொக்ஸையும் கிளட்ச் தட்டு நேரே இணைக்கிறது. ஓட்டோவில் அந்த இடத்தில் டோர்க் கொன்வேர்ட்டர் என்ற ஒன்று. இரண்டு மேசை விசிறிகளை முகத்துக்கு முகம் வைத்து ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கோ. அதன் காற்றில் மற்றதும் சுற்றும். கொன்வேர்ட்டருக்குள் காற்றுக்குப் பதில் ஒயில். ஒரு விசிறி இன்ஜினோடு, மற்றது கியர் பொக்ஸோடு. பாரம் கூடினால், ஏற்றம் வந்தால், முதல் விசிறி வேகமாகச் சுற்றும், இரண்டாவது பின்தங்கும். அந்த வித்தியாசம் ஒயிலைக் கடைந்து சூடாக்குகிறது. சமதரையில் வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு கிளட்ச் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும், சூடு குறையும். ஏ9இல் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை ஓடும்போது அதுதான் நடக்கிறது. றம்பொடையில் அந்தப் பூட்டு விழாது. வேகமும் இருபது முப்பதுதான், முன்னால் காற்றும் வராது.

அந்த ஒயில் சும்மா இருப்பதில்லை. கியர் பொக்ஸிலிருந்து குழாய் வழியாக ரேடியேற்றரின் ஓரத் தொட்டிக்குள் போய், இன்ஜின் தண்ணியிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். ஆனால் அந்தத் தண்ணியே தொண்ணூறு பாகையில் இருக்கும்போது அதைவிட அதிகம் குளிர முடியாது. ஒயிலுக்கு 80, 90 பாகை செல்சியஸ் சுகமான நிலை. 115ஐத் தாண்டினால் வார்னிஷ் மாதிரிப் படியத் தொடங்கும். 130 பக்கம் போனால் ரப்பர் சீல்கள் இறுகும். அதுக்கு மேல் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கரியும். ஏறத்தாழப் பத்துப் பாகை கூடக்கூட ஒயிலின் ஆயுள் பாதி பாதியாகும் என்பது இந்த வேலை செய்பவர்கள் வைத்திருக்கிற கைக்கணக்கு.

சித்தப்பாவின் காம்பரும் அப்பாவின் பதின்மூன்று பேரும் கூரையில் கட்டிய பெட்டிகளும் கியர் பொக்ஸுக்கு ஒன்றுதான். பாரம் பின்னால் வருகிறதா, உள்ளே இருக்கிறதா, கூரையில் இருக்கிறதா என்று ஒயிலுக்குத் தெரியாது. சித்தப்பா வருடத்தில் இரண்டு கிழமை விடுமுறைக்குச் செய்கிற வேலையை அப்பா பிழைப்புக்காக வருடம் முழுக்கச் செய்கிறார். காம்பர் கொழுவுபவருக்கு "இவ்வளவுதான் இழுக்கலாம்" என்று சொல்ல ஒரு புத்தகம் இருக்கிறது. ஹயர் ஓடுபவருக்கு "அண்ணை, இன்னும் ரெண்டு பேர்தான்" என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது மெக்கானிக்கை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது போனவர், அவசரமில்லாதவர். இன்ஜினை ஓடவிட்டபடியே ஒயில் கம்பியை இழுத்து வெள்ளை டிஷூவில் துடைத்தார். புது ஒயில் சிவப்பு, எங்களுடையது தேத்தண்ணி நிறம். மணந்து பார்த்தார், எங்களையும் மணக்கச் சொன்னார். பிறகு அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை. "இது தேய்மானம், இருக்கத்தான் செய்யும். இரும்புத் துண்டு, தட்டுத் துகள் கிடந்தால்தான் கதை முடிஞ்சுது. உங்கட பொக்ஸ் இன்னும் சாகேல்லை, பிள்ளையள். காய்ச்சல் வந்திருக்கு." தலைப்பு அவருடையது.

அவர் சொன்ன வைத்தியம் இரண்டு. ஒன்று, ஒயிலை மாற்றுவது. ஒரு தரம் வடித்தால் பாதிகூட வராது, மிச்சம் கொன்வேர்ட்டருக்குள் நிற்கும். அதனால் வடித்து, நிரப்பி, ஓடி, திரும்ப வடிக்க வேண்டும். மூன்று தரம் செய்தார். இரண்டாவது, கூலர். பஞ்சிகாவத்தையில் பழைய கூலர்கள் கிடைக்கும், ஆனால் அவர் வேண்டாம் என்றார். கரிந்துபோன பொக்ஸிலிருந்து கழற்றினதாக இருந்தால் அதன் ஊத்தை உள்ளே இருக்கும், அது எங்கட பொக்ஸுக்குள் வரும்.

புதிதுக்குக் காசு? எங்களில் ஒருத்தியின் மகாபொலக் காசு சேர்ந்து வந்திருந்தது. அதை நீட்டினோம். அப்பா வாங்கவில்லை. "உங்கட காசில வானுக்குச் சாமான் போட்டு ஓட மாட்டன்" என்று எழும்பிப் போய்விட்டார். அடுத்த மூன்று மாதம் மலைப்பக்கம் ஒரு ஹயரும் எடுக்கவில்லை. மடு, திருகோணமலை, எயார்போர்ட், சமதரை மட்டும். வீட்டில் வருமானம் எவ்வளவு இறங்கியது என்பதை மீன் வாங்குகிற நாட்களை வைத்தே சொல்லலாம்.

கடைசியில் கூலர் வந்தது நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரரின் சூட்கேஸில். சொக்லேட், வைட்டமின் குளிசை, அம்மாவுக்கு ஒரு சுவெட்டர், நடுவில் துவாய்க்குள் சுற்றிய ஒரு அலுமினியத் தட்டடுக்கு. கொப்பி ஒன்றின் அளவுதான். தம்பி அனுப்பினதை அப்பாவால் மறுக்க முடியவில்லை.

பூட்டுகிற அன்று நாங்கள் பாஸுக்குப் பக்கத்திலேயே நின்றோம். முன் பம்பரைக் கழற்றி, ஏசி கொண்டென்சருக்கு முன்னால், முதல் காற்றுப் படுகிற இடத்தில் வைத்தார். கூலரோடு வந்த பிளாஸ்டிக் ஊசிகளைக் கொண்டென்சரின் தகடுகளுக்குள்ளால் குத்தி இறுக்கலாம். அவர் அதைத் தொடவே இல்லை, அதிர்வில் தகடு அறுபடும் என்று இரும்புப் பட்டம் வளைத்துப் பூட்டினார். குழாய்க்கு ஒயில் தாங்குகிற ஹோஸ், தண்ணி ஹோஸ் சரிவராது. இன்ஜின் ஆடும்போது இழுபடாமல் கொஞ்சம் தளர்வு. ஒயில் முதலில் பழையபடி ரேடியேற்றருக்குப் போகும், அங்கிருந்து கூலருக்கு, கூலரிலிருந்து கியர் பொக்ஸுக்கு. ரேடியேற்றரை வெட்டிவிட்டால் என்ன என்று கேட்டோம். சித்தப்பா வட்ஸ்அப்பில் இருந்தபடியே சொன்னார், கனடாக் குளிரில் ரேடியேற்றர்தான் காலையில் ஒயிலைச் சூடாக்குகிறது, மிதமிஞ்சிக் குளிர்ந்தாலும் கூடாது என்று. யாழ்ப்பாணத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது என்றார் பாஸ். பூட்டி ஓடிப் பார்த்து, கூலர் குடித்த அளவுக்கு ஒயில் விட்டு, ஒழுக்கு இருக்கா என்று கடதாசி விரித்துப் பார்த்தார்.

காசு செலவில்லாத ஒரு பாடமும் தந்தார். கியர்ப் பிடியில் இருக்கிற ஓ.டி. பட்டனை ஏற்றத்தில் அமத்த வேண்டும். இல்லாவிட்டால் மூன்றுக்கும் நாலுக்கும் மாறி மாறித் தடுமாறியே பொக்ஸ் சூடாகும். இறக்கத்தில் குறைந்த கியரில் விட்டால் பிரேக்கும் தப்பும்.

சித்தப்பா சொன்ன இன்னொன்றை அப்பாவிடம் நாங்கள் அடிக்கடி ஞாபகப்படுத்துகிறோம். கூலர் போட்டதால் வாகனத்துக்குப் பலம் கூடாது. அவருடைய சியென்னா இழுக்கலாம் என்று குறித்தது 3500 இறாத்தல், அதாவது 1600 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எத்தனை கூலர் போட்டாலும் அது 3500தான். பிரேக், அச்சு, ரயர் எல்லாம் பழையதுதானே. கூலர் சூட்டை மட்டும்தான் பார்க்கும்.

அதனால் வீட்டில் ஒரு கணக்குக் கொப்பி வைத்திருக்கிறோம். ஹயர் கேட்டு ஃபோன் வந்தால் ஆட்கள் எத்தனை, பெட்டி எத்தனை, போகிற இடம் மலையா என்று எழுதுவது தங்கச்சி. கூரையில் கட்டுகிற பாரத்துக்கு ஒரு அளவு வைத்தாயிற்று. இரண்டு ஹயர் அதனால் கைவிட்டுப் போனது. அப்பா முதலில் முகம் சுழித்தார், பிறகு தானே ஃபோனில் "அவ்வளவு பேர் சரிவராது தம்பி, பெரிய வான் பாருங்கோ" என்று சொல்லத் தொடங்கினார்.

கொப்பியில் கடைசியாக ஒரு பத்தி கூடியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவிரவாக ஓடி, விடிய நுவரெலியா, பின்னேரம் திரும்பவும் இரவிரவாக வீடு. இதுதான் அப்பாவின் வழக்கமான மலை ஹயர். இடையில் ஸ்டியரிங்கில் தலை வைத்து இரண்டு மணித்தியால நித்திரை. அவருடைய சூட்டைக் காட்டவும் ஒரு முள்ளும் இல்லை. மலை ஹயர் என்றால் ஒரு இரவு தங்கல் கட்டாயம், றைவருக்குப் படுக்க இடம் தர வேண்டும் என்று இப்போது முதலே கேட்கிறோம். சிலர் சம்மதிக்கிறார்கள், சிலர் வேறு வான் பார்க்கிறார்கள். கேட்கிற பொறுப்பை மட்டும் அப்பாவிடம் விடுவதில்லை, விட்டால் வெட்கத்தில் கேட்காமல் விட்டுவிடுவார். ஃபோனை நாங்கள்தான் எடுக்கிறோம்.