கணக்குப் பார்க்க உட்காரும் நேரம்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் ஓர் உவமை உண்டு. அஸ்திவாரம் போட்டுவிட்டு முடிக்க இயலாமற் போனால் பார்ப்போர் நகைப்பர் என்னும் எச்சரிக்கையும் அங்கேயே வருகிறது. வீடு கட்டும் நடுத்தரக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்த அச்சம் அது. கணவனும் மனைவியுமாக நாங்கள் கோவில்பட்டிக்கு அருகே ஒரு வீட்டைக் கட்டி முடித்தபோது உணர்ந்தது, அந்தக் கணக்குக்கு ஒரு முறை உட்கார்ந்தால் போதாது என்பதே.

2021 டிசம்பரில் வேலை தொடங்கிற்று. 1,100 சதுர அடி. சதுர அடிக்கு 1,900 ரூபாய் வீதம் 20,90,000 ரூபாய் ஒப்பந்தம். ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, தரைத்தொட்டி, மின் இணைப்பு, சுற்றுச்சுவர் ஆகியவை சதுர அடிக் கணக்கில் பெரும்பாலும் அடங்குவதில்லை. அவற்றுக்குத் தனியே நான்கு இலட்சம் வைத்தோம். எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்காக இரண்டரை இலட்சம். வங்கிக் கடன் 15 இலட்சம். மீதி எங்கள் சேமிப்பு. தாளில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

வானம் தோண்டியபோது மண் வேறு கணக்குச் சொல்லிற்று. எங்கள் பக்கத்துக் கரிசல், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் நீரைக் குடித்து உப்பும். அதன்மேல் மேலோட்டமாக எழுப்பிய சுவர்கள் சில ஆண்டுகளில் விரிசல் காண்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஐந்தடி ஆழம் எட்டடி ஆயிற்று. கூடுதல் செலவு 1,80,000 ரூபாய். அடுத்து இரும்புக் கம்பி. ஒரு வரம்புக்கு மேல் விலை ஏறினால் அது வீட்டுக்காரர் பொறுப்பு என்பது ஒப்பந்தம். 2021-இலேயே ஏறியிருந்த விலை, 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் மேலும் ஏறிற்று. அவ்வாண்டு மே மாதம் நடுவண் அரசு எஃகுக்கு ஏற்றுமதி வரி விதித்தபின்னரே தணிந்தது. அதற்குள் எங்களுக்கு 1,10,000 ரூபாய் கூடிவிட்டது. கையிருப்பு தீர்ந்து நாற்பதாயிரம் துண்டு விழுந்தது. வங்கியோ அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று நிலைக்கு நிலை, முன்னரே ஒப்புக்கொண்ட தொகையைத்தான் தரும். மண்ணின் குணத்துக்காக ஒரு ரூபாயும் கூடாது.

இவ்வேளையில் எங்கள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வயது எழுபத்தெட்டு. இனிச் சக்கர நாற்காலிதான் என்றார் மருத்துவர். வீட்டுக்குள் இருந்த ஒரே குளியலறையின் வாசல் இரண்டரை அடி; நாற்காலி நுழையாது. அம்மாவின் அறையை ஒட்டிய பண்டக அறையைக் குளியலறையாக மாற்றி, எழுந்து நின்ற சுவரை இடித்து வாசலை அகலப்படுத்த 90,000 ரூபாய் ஆகும் என்றார் மேஸ்திரி. தளம் போடுமுன் சொல்லிவிட வேண்டும் என்றும் நெருக்கினார்.

ஆக 1,30,000 ரூபாய் தேவை. அஞ்சலகத்தில் மகளின் செவிலியர் படிப்புக்கென ஓர் இலட்சம் இருந்தது. “அதை எடுங்கள், கல்லூரிக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறதே” என்றனர் உறவினர். எங்களில் ஒருவருக்கு அதில் சம்மதம், மற்றவருக்கு இல்லை. இரண்டு இரவுகள் பேச்சு வளர்ந்தது. மூன்றாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தோம்.

மீதி வேலைகளை இரண்டாகப் பிரித்து எழுதினோம். மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் புதைந்து போகிறவை ஒரு பக்கம்: கம்பி, குழாய், மின்கம்பிக் குழல், வாசலின் அகலம். இவற்றை இன்று குறைத்தால் நாளை இடித்துத்தான் சேர்க்க வேண்டும். பின்னால் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கக் கூடியவை மறுபக்கம்: சுற்றுச்சுவர், முகப்பு அலங்காரம், அலமாரிக் கதவுகள். இப்படி எழுதியதும் வாக்குவாதம் தானே தணிந்தது. 1,20,000 ரூபாய்ச் சுற்றுச்சுவரைத் தள்ளிவைத்து, 15,000 ரூபாயில் கம்பிவேலி போட்டோம். தலைவாசலுக்குத் தேக்குக்குப் பதிலாக வேம்பு. முகப்பு அலங்காரமும் இல்லை. இவ்விரண்டில் 35,000 மிச்சம். மகளின் பணம் அஞ்சலகத்திலேயே இருந்தது.

அதன்பின் ஒரு வழக்கத்தையும் கைக்கொண்டோம். “இதோடு சேர்த்துப் போட்டுவிட்டால் பின்னால் வேலை மிச்சம்” என்று கட்டுமிடத்தில் சொல்லப்படும் யோசனைகள் பலவும் நல்லவையே. ஆனால் ஒவ்வொன்றும் பத்தாயிரம், பதினைந்தாயிரம். நின்ற இடத்தில் “ஆகட்டும்” என்று சொல்வதை நிறுத்தினோம். தொகையை எழுதித் தரக் கேட்டு, இரவில் நோட்டைப் பார்த்து, மறுநாள் காலையில் பதில் சொன்னோம். மேஸ்திரி முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே எழுதி எடுத்து வரத் தொடங்கினார்.

2022 செப்டம்பரில் குடிபுகுந்தோம். கம்பிவேலியையும் வேம்பு வாசலையும் பார்த்துச் சிலர் சிரித்தது உண்மை. அம்மா அந்த அறையில் இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். பிறர் தூக்கிச் செல்லாமல் தாமே நாற்காலியை உருட்டிக் குளிக்கச் சென்றார்கள். 2024-இல் இறைவனடி சேர்ந்தார்கள். மகள் இப்போது செவிலியர் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் மீதான வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தபின் சுற்றுச்சுவரையும் எழுப்பிவிட்டோம். பொறுத்திருந்ததில் அதற்கு ஒரு குறையும் வரவில்லை.

வீடு கட்டப் புறப்படும் அன்பர்களே, அஸ்திவாரம், லிண்டல், தளம், பூச்சு என ஒவ்வொரு நிலையின் வாசலிலும் ஒரு நாள் வேலையை நிறுத்தி, வீட்டார் அனைவரும் உட்காருங்கள். கையில் மீந்த தொகையை உரக்கப் படியுங்கள். அவ்வீட்டில் வாழப்போகிறவர்களில் மிகவும் தளர்ந்தவர் யார் என்று கேட்டு, அவருக்கு வேண்டியதை முதல் வரியில் எழுதுங்கள். மற்றவற்றை அதன்கீழ் எழுதிக்கொள்ளலாம்.