குழாயடியில் டவர் கிடைக்கும்

எங்கள் வீடு அயப்பாக்கத்தில். தகரக் கூரை. தகரம் அலைகளைத் தடுக்குமாம், அறிவியல் டீச்சர் சொன்னாங்க. அதனால் உள்ளே டவரே இருக்காது, குழாயடிக்குத்தான் ஓடணும்.

போன் ஒன்றுதான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வந்தபிறகுதான் என் கைக்கு வரும்.

2024 ஜூலையில் 239 ரூபாய் ரீசார்ஜ் 299 ஆனது. அதுவும் 28 நாளைக்குத்தான். வருஷத்துக்கு 13 தடவை! போன மாதம் அப்பா, "சம்பளம் வரட்டும்மா" என்றார். கோபத்தில் நான் சாப்பிடவில்லை. மறுநாளே போட்டுவிட்டார். நான்கு நாள் ஷேர் ஆட்டோ ஏறாமல் நடந்தே வந்தாராம். அம்மாதான் சொன்னாங்க.

தினம் 1.5 ஜிபி. மிச்சம் ராத்திரி 12 மணிக்குப் போய்விடும். இப்போது ஒரு கணக்கு வீடியோ பார்த்ததும் போனைக் கொடுத்துவிடுகிறேன். அப்பா குழாயடியில் உட்கார்ந்து எம்.ஜி.ஆர். பாட்டு கேட்கிறார்.