கத்திக்கு மொழி கிடையாதாம்

இலங்கையிலேயே ஆக உயரத்துல இருக்கிற ரயில் நிலையம் எங்க பட்டிப்பொலதான். 6,225 அடி. பலகைக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போறவங்க நிறையப் பேர். ஆனா இங்கயிருந்து ஒரு பிள்ளை சர்ஜன் ஆகணும்னா, ஏற வேண்டிய படி ரொம்பக் கீழேயிருந்து தொடங்குது. நான் படிச்ச தோட்டப் பாடசாலையில ஏ.எல்.லுக்கு கலைப்பிரிவு மட்டும்தான். பயோ படிக்கணும்னா டவுன்ல போர்டிங் எடுத்துத் தங்கணும். நான் கலைப்பீடத்துக்கு வந்த கதை அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் சர்ஜன்களைப் பத்தி எழுதுறேன்? போன வருஷம் எங்க அப்பாயிக்குப் பித்தப்பையில கல். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சை. டொக்டர் சிங்களத்துல பொறுமையா விளக்கினார். தாள்ல படம்கூட வரைஞ்சு காட்டினார். அப்பாயி எல்லாத்துக்கும் "சரிங்க சார்"னு தலையாட்டிச்சு. அவர் அந்தப் பக்கம் போனதும், "என்னா புள்ள சொல்லிட்டுப் போறாரு?"னு என்கிட்ட கேட்டுச்சு. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பக்கத்துக் கட்டில் அம்மாவும் கூப்பிட்டாங்க. நான் இல்லாத நேரத்துல, வேற வார்ட்ல வேலை செய்யிற தமிழ் இன்டர்ன் டொக்டர் ஒருத்தரைக் கூப்பிடுவாங்களாம். அவரும் ஓடி வந்து சொல்லிட்டு ஓடுவாராம். அது அவருடைய வேலைப் பட்டியல்லயே கிடையாது.

இதுக்கு அமெரிக்க மருத்துவ உலகத்துல ஒரு பேர் இருக்கு: 'சிறுபான்மை வரி'. சிறுபான்மையில இருந்து வந்தவர், தன் வேலைக்கு மேல, சம்பளமில்லாம இந்த மாதிரிப் பொறுப்பையும் சுமக்கிறது. அங்க வைத்தியப் பயிற்சிகளை அங்கீகரிக்கிற சபை, பல பின்னணியில உள்ளவங்களைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் திட்டம் வேணும்னு 2019இல் விதி கொண்டுவந்தது. சத்திரசிகிச்சைத் துறைகள் பலதுல அதுக்குன்னே பொறுப்பாளர்களும் இருந்தாங்க. 2025இல் அரசியல் அழுத்தத்துக்கு நடுவுல அந்த விதியை அமல்படுத்துறதையே நிறுத்திட்டாங்க.

நம்ம நாட்டுல உள்ளே நுழையிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. மருத்துவபீட அனுமதியில 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமா. நுவரெலியாவும் அதுல ஒண்ணு. ஆனா இந்தக் கணக்கு மாவட்டத்தைத்தான் பார்க்கும், லயத்தைப் பார்க்காது. டவுன்ல பெரிய பாடசாலையில படிச்சவரும் லயத்துப் பிள்ளையும் ஒரே வரிசை. அதுக்குப் பிறகு சர்ஜன் ஆகுற பாதையில, பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சையில புள்ளி மட்டும்தான் பேசும்.

"அதுதானே சரி? கத்திக்கு மொழி கிடையாது, திறமை போதும்"னு நண்பன் ஒருத்தன் சொன்னான். கத்திக்கு இல்லைதான். சம்மதப் படிவத்துக்கு இருக்கே! தமிழ் அரச கரும மொழியானது 1987இல். நோயாளிக்கு விளங்குற மாதிரிச் சொல்றதும் திறமையிலதான் சேரும்.

இடம் கொடுத்தா மட்டும் போதாதுன்னு மும்பை காட்டிச்சு. பாயல் தத்வி ஒரு ஆதிவாசிப் பெண், மகப்பேறு மருத்துவத்துல பட்டமேற்படிப்புப் பயிற்சியில இருந்தவர். 2019 மே மாதம் உயிரை மாய்த்துக்கொண்டார். சீனியர்கள் சாதியைச் சொல்லித் துன்புறுத்தினாங்கன்னு குடும்பம் புகார் கொடுத்தது. மூணு டொக்டர்கள் மேல வழக்குப் பதிவாச்சு. பாகுபாட்டுப் புகாரைக் கேட்க உயர்கல்வி நிறுவனங்கள்ல ஒரு அலுவலர் இருக்கணும்னு இந்தியாவுல 2012லயே விதி இருந்தது. தாளில் இருக்கிற பதவி யாரையும் காப்பாத்தாது.

அதனால மலையக ஆஸ்பத்திரிகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் நான் கேட்கிறது பேருக்கு ஒரு பதவி இல்லை. மொழிபெயர்க்கச் சம்பளத்தோட தனி ஆள் வேணும். பயிற்சியில இருக்கிறவங்க குறையைச் சொல்ல, அவங்களுக்குப் புள்ளி போடாத ஒருத்தர் வேணும். அவர் தமிழரா இருக்கணும்னு அவசியமில்லை. அவர் "இது சரியில்லை"ன்னு எழுதினா, மேலே இருக்கிறவங்க பதில் சொல்லியே ஆகணும். அந்த அதிகாரம்தான் முக்கியம்.