நான்கு பகலும் ஒரு தாளிப்பனை ஓலையும்

மெல்பேர்னிலிருந்தோ சிட்னியிலிருந்தோ விடுமுறைக்கு ஊர் வருகிற தமிழருக்கு மாத்தளை மாவட்டம் படத்தில் மிகச் சிறியதாகத் தெரியும். மொத்தப் பரப்பே 2,000 சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கானிங் மாட்டுப்பாதையோ தனியொரு பாதையாகவே ஏறத்தாழ 1,850 கிலோமீற்றர் ஓடுகிறது. ஆல்ஃபிரட் கானிங் 1906இல் அளக்கத் தொடங்கி, 1910க்குள் கிணறுகள் வெட்டி முடித்த பாதை அது. அதை ஜீப்பில் கடக்க இரண்டு மூன்று வாரம் ஒதுக்கி, டீசலையும் தண்ணீரையும் அளந்து ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கணக்கோடு வருகிறவர் மாத்தளைக்கு நான்கு நாள் ஒதுக்குவார். ரிவர்ஸ்டன், வஸ்கமுவ, மொரகஹகந்த, சீகிரியா, தம்புள்ளை, நாலந்தா எல்லாவற்றையும் ஒரே சுற்றில் அடைத்துவிடுவார். கூடாரம் அடிக்க மூன்று இடமும் குறித்துக்கொள்வார்.

தூரத்தை வைத்துப் பார்த்தால் அந்தத் திட்டத்தில் பிழை இல்லை. வெளிச்சத்தை வைத்துப் பார்த்தால்தான் அது உடைகிறது. இந்த அட்சரேகையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூடக் கிடையாது. எந்த மாதம் வந்தாலும் கையில் இருப்பது சுமார் 12 மணித்தியாலம். வஸ்கமுவ தேசியப் பூங்காவின் வாயில் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடிவிடும். மலைப்பக்கம் பின்னேரமானால் மூடுபனி இறங்கிவிடும். ஆகவே நான்கு நாள் பயணம் என்பது உண்மையில் நான்கு பகல். கூடாரம் அடிக்கவும் பிரிக்கவும், கேத்தலை வைத்துத் தேநீர் போடவும் போக மிஞ்சும் நேரம் இன்னும் குறைவு.

அடுத்தது ஏற்றம். மாத்தளை நகரம் 364 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. றத்தோட்டையைத் தாண்டி, 30 கிலோமீற்றர் அளவில் ரிவர்ஸ்டன் கணவாயை அடையும்போது வண்டி ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்துக்கு ஏறியிருக்கும். மிளகுக் கொடியும் கராம்பு மரமும் தேயிலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போய்விடும். ஊசிவளைவுகளில் பழகிய சாரதிகள் இரண்டாம் கியரிலிருந்து மேலே மாற்றுவதில்லை. வளைவுக்கு முன்னே ஹோர்ன் அடித்து, எதிரே பதில் வருகிறதா என்று காதைக் கொடுத்துவிட்டுத்தான் திருப்புவார்கள். கணவாயில் இறங்கினால் கதவைத் திறக்கவே ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். காற்று அப்படி. அந்தக் காற்றிலேயே வளர்ந்த மரங்கள் ஆள் உயரத்தைத் தாண்டாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. கணவாயைக் கடந்து இலுக்கும்புரப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் ஈரம் விலகி, வெயிலும் புல்வெளியும் வந்துவிடும். ஒரே மலையின் இரண்டு பக்கமும் இரண்டு நாடுகளாக இருப்பதைப் பார்க்க இதைவிட நல்ல பாதை இலங்கையில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இறங்கும் வழியில் இருக்கிறது பிட்டவல பத்தன. பத்து ஹெக்டயர் அளவு புல்வெளி. பலர் வண்டியை நிறுத்திப் படம் பிடித்துவிட்டு, கால் மணித்தியாலத்தில் ஏறிவிடுகிறார்கள். அங்கே புல்லுக்குக் கீழே மண் மிக மெல்லியது, அதற்குக் கீழே பாறை. அந்தப் பாறையின் ஈர வெடிப்புகளில் வாழும் புள்ளித் தவளை ஒன்றை இந்த நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு வெளியே உலகில் எங்கும் காண முடியாது. மூக்கு நுனியில் இலைபோன்ற கொம்பு நீட்டிய ஓணான் ஒன்றும் இந்த மலைக்கே உரியது. இன்னொரு சிறிய ஓணானுக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 2006இல்தான்: கோபோட்டிஸ் தும்பரா. இவை எதுவும் ஓடுகிற ஜீப்பிலிருந்து தென்படுபவை அல்ல. ஒரு மரத்தடியில் அரை நாள் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணில் படலாம். 2010இல் யுனெஸ்கோ இந்த மலைத்தொடரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததற்கு இத்தகைய உயிர்களே பெரிய காரணம்.

எனவே நான்கு பகல் வைத்திருப்பவர் சீகிரியாவையும் தம்புள்ளையையும் பட்டியலிலிருந்து வெட்டிவிட வேண்டும். அங்கே பேருந்தே போகிறது. மலைக்கு இரண்டு இரவு, லக்கலை வழியாகக் கீழே இறங்கி வஸ்கமுவவுக்கு ஓர் இரவு, கடைசிப் பகல் திரும்பும் பாதைக்கு. அவ்வளவு போதும்.

நேரத்தைத் திருடும் இன்னொன்று சாமான். கூரைமேல் இரும்புத் தட்டு, அதன்மேல் விரித்து ஏறும் கூடாரம், வின்ச், இரண்டு உதிரி டயர், ஐஸ் பெட்டி, மடக்கு மேசை என்று வாடகை ஜீப்புகள் இப்போது வீடு பெயர்வதுபோல் கிளம்புகின்றன. 2022 ஜூலையில் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கீடு வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று நின்றபோது ஊரே பாரத்தைப் பற்றி யோசித்தது. 2023 செப்டெம்பர் முதலாம் திகதி பங்கீடு நீங்கியது. பாரமும் மறுபடி ஏறிக்கொண்டது.

இந்த இடத்தில் ரொபர்ட் நொக்ஸை நினைக்காமல் இருக்க முடியாது. 1660இல் கொட்டியாரக் குடாவில் தந்தையோடும் கப்பல் ஆட்களோடும் பிடிபட்டு, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த ஆங்கிலேயர் அவர். 1681இல் லண்டனில் வெளியான அவருடைய இலங்கை வரலாற்று நூலில் தாளிப்பனை ஓலையைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. கூடாரத்தைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் படிக்க வேண்டியது அதுதான். விரித்தால் ஒரே ஓலை பதினைந்து இருபது பேரை மழையில் நனையாமல் மூடும் என்கிறார். காய்ந்த ஓலை வலுவாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். இயல்பாகவே மடிப்பு மடிப்பாக அமைந்திருப்பதால் விசிறியைப்போல மடங்கிவிடும், மடங்கியபின் ஒரு கையளவு பருமன்தான், பாரமும் இல்லை. மக்கள் அதை முக்கோணத் துண்டுகளாக வெட்டி எடுத்துச் செல்வார்கள். நடக்கும்போது கூர்முனை முன்னே இருக்கும்படி தலைமேல் வைத்தால் புதரையும் கிளையையும் அது விலக்கிக்கொண்டே போகும். வெயிலில் நிழல், இரவில் மழைக்குக் கூரை. மன்னனின் போர்வீரர் ஒவ்வொருவரும் ஒரு துண்டு வைத்திருந்தனர் என்றும், படை தங்கும் இடத்தில் அதுவே கூடாரம் என்றும் எழுதுகிறார். நூலில் அந்த ஓலையைப் பிடித்து நிற்கும் மனிதனின் செதுக்குப் படம்கூட உண்டு.

நொக்ஸின் நூலில் இன்னும் பெரிய பாடம் இருக்கிறது. அவர் தப்பிய பயணம் ஒரு மாதத்துக்கும் குறைவு. 1679 செப்டெம்பர் 22ஆம் திகதி, தோழர் ஸ்டீபன் ரட்லண்டோடு கிளம்பி, ஒக்டோபர் 18ஆம் திகதி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்துவிட்டார். அந்தச் சில வாரங்களுக்குப் பின்னால் பல ஆண்டு ஒத்திகை இருந்தது. புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் என்று மூட்டை கட்டிக்கொண்டு இருவரும் சில்லறை வியாபாரிகளாக வடக்கு நோக்கித் திரும்பத் திரும்ப நடந்தார்கள். எந்த ஊரில் காவல் இருக்கிறது, எங்கே தண்ணீர் வற்றும் என்பதெல்லாம் விலை பேசும் சாக்கில் கேட்டறிந்தவை. வறட்சி ஆண்டுகளில் காட்டில் தண்ணீர் இருக்காது என்று தெரிந்து திரும்பி வந்தார்கள். மழை பெய்த ஆண்டுக்காகக் காத்திருந்தார்கள். புறப்பட்டபோது கையில் கத்தியும் சிறு கோடரியும் இருந்தன. முள்ளுக்குச் செருப்புத் தைத்துக்கொள்ள மான்தோலும் எடுத்துக்கொண்டார்கள். கடைசிக் காட்டில் மல்வத்து ஓயாவின் கரையே வழிகாட்டி. பாதையை அறிய ஆண்டுகளைச் செலவிட்டதால் நடக்க நாட்களே போதுமாயின. நேரம் குறைந்த பயணத்துக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி தேட வேண்டியதில்லை.

ஓலை மாத்தளையில் இன்னொரு வேலையும் செய்தது. தம்புள்ளை வீதியில் நகரத்துக்கு வடக்கே மூன்று கிலோமீற்றர் அளவில் இருக்கிறது அளுவிகாரை. அதுவரை வாய்வழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகத்தை, பஞ்சத்திலும் போரிலும் ஓதுவோர் மடிந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று அஞ்சி, கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் ஏட்டில் எழுதியது அங்கேதான் என்பது மரபு. தாளிப்பனையின் இளங்குருத்தை எடுத்து, அவித்து, உலர்த்தி, தேய்த்து வழுவழுப்பாக்கி ஏடு செய்வார்கள். விகாரைக்குப் போகிறவர்களுக்கு இன்றும் எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணி ஓடும்போது ஏட்டில் ஒன்றும் தெரியாது, வெறும் கீறல். எண்ணெயும் கரியும் கலந்த மையைப் பூசித் துடைத்ததும், வரி வரியாகக் கறுத்து எழுத்து எழும்பும். அங்கே இருந்த ஏட்டுச் சுவடித் தொகுதி 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது பிரித்தானியர் கையில் அழிந்தது. முப்பது முதல் எண்பது ஆண்டு வரை வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, காய்த்து, பட்டுப்போகும் மரம் தாளிப்பனை. மழைக்குக் கூரையும் நினைவுக்கு ஏடும் ஒரே மரம் கொடுத்தது என்பதை, கடைசிப் பகலில் இந்த விகாரைப் படியில் நின்று நினைத்துப் பார்க்கலாம்.

அதே வீதியில்தான், 19ஆம் நூற்றாண்டில், தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மக்கள் நடந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளை வரை 200 கிலோமீற்றருக்கும் மேல். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. இரவு தங்கியது மரத்தடியிலும் வழியோரக் கொட்டில்களிலும். வாந்திபேதியும் அம்மையும் மலேரியாவும் தொற்றியவர்கள் வழியிலேயே விழுந்தார்கள், கூட்டம் நிற்காமல் நகர்ந்தது. மாத்தளை வரை உயிரோடு வந்தவர்கள் மாரியம்மனைக் கும்பிட்டார்கள். இன்று மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் முத்துமாரியம்மன் கோயிலின் வேர் அந்தக் கும்பிடுதலில் இருக்கிறது.

மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவை முன்னிட்டு, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் கிளம்பியது. மூதாதையர் நடந்த வழியைப் பின்பற்றி ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடித்தார்கள். காணியும் வீடும் சமமான குடியுரிமையும் கேட்டு நடந்த நடை அது. வேகமாகப் போக வாகனம் இருந்தும் பதினாறு நாளை அந்த வீதிக்குக் கொடுத்தார்கள். ஏசி போட்ட ஜீப்பில் நாலந்தாவிலிருந்து மாத்தளைக்கு அரை மணித்தியாலத்தில் வந்துவிடுகிறவர்கள், அந்த அரை மணியில் ஐந்து நிமிடமாவது கண்ணாடியை இறக்கி வைப்பது நியாயம்.

திட்டத்துக்குத் திரும்பினால், 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலுக்குப் பிறகு மாத்தளை மலைப்பக்கத்துக்குப் பழைய வரைபடத்தை நம்பிப் போகக் கூடாது. மண்சரிவு பல இடங்களைத் தாக்கியிருக்கிறது. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை றத்தோட்டைக் கடைக்காரரிடமும் லொறிச் சாரதிகளிடமும் கேளுங்கள், அன்றைக்குப் பதில் அவர்களிடம்தான் இருக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை ஒவ்வொரு நாளும் பாருங்கள். அது சிவப்பில் இருந்தால், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வந்தவரானாலும், மலைப்பயணத்தைக் கைவிட்டு வஸ்கமுவச் சமவெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நக்கிள்ஸ் காட்டுக்குள் தங்க வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் கூடாரம் அடியுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வண்டியிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். உங்கள் ஜீப்பால் முடியும் என்பதற்காகப் பிட்டவல பத்தனவின் புல்லில் சக்கரத்தை இறக்காதீர்கள். அங்கே மண் சில அங்குலம்தான், ஒரு முறை கிழிந்தால் அடுத்த மழையில் பாறை வரை கழுவிப் போய்விடும்.