அடம்பிடித்த ஃபார்ம்

ஏற்காடு மலையில் செம்மநத்தம். காபிப் பழம் பறிக்கும் சமயம். சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். தோட்டக் கணக்கரின் ஆக்சஸ் ஃபார்மோ திறந்ததுமே மூடிக்கொள்கிறது. 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' இரண்டு தடவை போட்டார் (நகல் எடுக்காமலே, அந்த தைரியத்தை என்ன சொல்ல!). பலனில்லை. டேபிள்களைச் சரிசெய்யும் அளவுக்கு அது ஃபார்முக்குள் இருக்கும் விபிஏ நிரலைச் சரிசெய்யாது. அப்புறம்தான் நகலெடுத்தார். புது காலி ஃபைலில் எல்லாவற்றையும் இம்போர்ட் செய்தார். அந்த ஒரு ஃபார்ம் மட்டும் வரவில்லை. நகலை 'டீகம்பைல்' சுவிட்ச் போட்டுத் திறந்தார். பழைய கம்பைல் மிச்சங்கள் கழிந்தன, மூல நிரல் தங்கியது. மறுபடி கம்பைல் செய்ததும் ஃபார்ம் வந்துவிட்டது. இரண்டு கணினிகளில் ஒரே ஃபைலைத் திறந்து வைத்ததுதான் வினை. டேபிள்களைத் தனி ஃபைலாக்கி, ஃபார்ம்களை ஆளுக்கொரு நகலாகக் கொடுத்தார். வெள்ளி இரவு 11 மணிக்குக் கூலிப் பட்டியல் அச்சாகி வந்தது.